வட்ட மேஜையில் எத்தனை முழங்கை?

நாலடி விட்டத்தில் வட்ட டைனிங் டேபிள். "தாராளமா எட்டு பேர் உக்காரலாம் ஸார்" என்பார் கடைக்காரர். அட்வான்ஸ் கொடுக்குமுன் கால்குலேட்டரை எடுங்கள்.

ஆளுக்குக் கிடைப்பது ஒரு நாண். மையத்திலிருந்து அதற்குச் செங்குத்துக் கோடு போட்டால் நாணும் கோணமும் சரிபாதி. அதனால், நாண் = விட்டம் × ஸைன் பாதிக்கோணம். கி.பி. 499 வாக்கில் ஆரியபடர் போட்ட ஸைன் அட்டவணையே அரை நாண் கணக்குதான்.

ஆறு பேர் என்றால் ஆளுக்கு 60 டிகிரி. பாதி 30, ஸைன் அரை. 48 அங்குலத்தில் பாதி, 24. சௌகரியம்.

எட்டு பேர்? பாதிக்கோணம் 22.5; ஸைன் 0.3827. பதினெட்டு அங்குலம் சொச்சம். மாமாவின் முழங்கை உங்கள் சாம்பாரில்.

ஆறு நாற்காலி போதும். சம்பந்தி வீட்டார் மொத்தமாக வந்தால் தரையில் பந்தி போடுங்கள். நேர்கோட்டுக்கு ஸைன் வேண்டாம்!