பூனையை வெளியேற்றுவது மருத்துவம் ஆகாது

வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, இரவெல்லாம் அரிக்கும் படையோடு தோல் மருத்துவப் பிரிவிற்கு வருவோரில் சிலர், வீட்டுப் பூனையைத் தெருவில் விட்டுவிட்ட பிறகே எங்களிடம் வருகின்றனர். வேறு சிலர், "விட்டுவிடலாமா?" என்று கேட்கின்றனர். வேண்டாம் என்பதே எங்கள் விடை. இது இரக்கத்தால் மட்டும் சொல்வதன்று. நோயைத் தீர்க்கும் வழியும் அதுவன்று என்பதால் சொல்கிறோம்.

படர்தாமரை என்று நாம் அழைப்பது ஒரு பூஞ்சைத் தொற்று. தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு அது வளர்கிறது. பூனைகளில் இதனை உண்டாக்கும் முதன்மையான பூஞ்சை மைக்ரோஸ்போரம் கேனிஸ். பெயரில் நாய் இருந்தாலும், அதன் இயல்பான உறைவிடம் பூனையே. குட்டிகளின் முகத்திலும் காதோரத்திலும் முன்னங்கால்களிலும் முடி உதிர்ந்து செதில் படர்ந்தால் ஐயுற வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமலே இப்பூஞ்சையைச் சுமக்கும் பூனைகளும் உண்டு. தொட்டு விளையாடும் குழந்தைகளுக்கு அது தொற்றுவதும் உண்மை. ஆகவே பூனைக்கு இதில் பங்கே இல்லை என்று நாங்கள் கூறவில்லை.

ஆனால், விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது தவறு. கடந்த பல ஆண்டுகளாக இந்தியாவெங்கும் பரவி, எளிதில் குணமாகாமல் மருத்துவர்களைத் திணறடிக்கும் படர்தாமரைக்குப் பெருங்காரணம் வேறொரு பூஞ்சை. 2020-ஆம் ஆண்டில் தனி இனமாக விவரிக்கப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்னும் அப்பூஞ்சையின் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் மருந்து வேலை செய்வதில்லை. அது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உலைகளருகே வியர்வையில் நனைந்த தடித்த சீருடையுடன் வேலை பார்த்துவிட்டு, ஒரே அறையில் பலராகத் தங்கி, ஒரே கொடியில் துண்டுகளை உலர்த்தும் தொழிலாளருக்கு நோய் தர ஒரு பூனை தேவையில்லை. பூனை வெளியே போய்விடுகிறது; பொதுத் துண்டு கொடியிலேயே இருக்கிறது. தோலைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை உண்டா என்பது தெரியும். அதனை வளர்த்துப் பார்த்தால் எந்தப் பூஞ்சை என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழி சுமத்துவதற்கு முன் இச்சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

மருந்துக்கடையில் "படைக்கு ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்குவது அடுத்த தவறு. அவற்றுள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியுடன் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சையோ அடங்காமல் பரவும். வட்டத்தின் ஓரம் மறைந்து, நோயின் அடையாளமே மாறிவிடும். இதனாலேயே 2018-இல் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கேட்டு வாங்கும் வழக்கம்தான் இன்னும் போகவில்லை.

விலங்குகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சொறி பிடித்த நாய்க்குப் பட்டறையில் கழித்த எஞ்சின் ஆயிலையும் மண்ணெண்ணெயையும் பூசுவோர் உள்ளனர். நாய் அதை நக்கி உட்கொள்கிறது. தரை துடைக்கும் ஃபினாயில் பூனைக்கு நஞ்சு. மனிதருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக்கிப் பூனைக்குக் கொடுத்தால் அதன் கல்லீரல் பாதிக்கப்படலாம். மேலும், முடி உதிர்வதெல்லாம் பூஞ்சையன்று. நாய்களில் உண்ணிப்பூச்சி வகையைச் சேர்ந்த நுண்பூச்சிகளாலும் சொறி வருகிறது. அதற்கு மருந்தே வேறு. இதைப் பிரித்தறிபவர் கால்நடை மருத்துவர். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். மேல் பரிசோதனை தேவையெனில், 1903-இல் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, நம் புறநகர் ரயில் சேரும் சென்ட்ரலிலிருந்து தொலைவில் இல்லை. அதற்கு ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவோம். வீட்டில் ஒவ்வொருவராக மாதக்கணக்கில் மருந்து வாங்கும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூனையை விரட்டினால் வீடு தூய்மையாகிவிடும் என்பதும் பிழையான எண்ணமே. உதிர்ந்த முடியில் ஒட்டியுள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும். பாயும் போர்வையும் மெத்தையும் துவைக்கப்படாமல், மூலைமுடுக்கு முடிகள் அகற்றப்படாமல், நோய் வீட்டைவிட்டுப் போகாது. விரட்டப்பட்ட பூனையோ அடுத்த தெருக் குழந்தைகளின் மடியில் ஏறும். பூனையைத் தனி அறையில் வைத்து, கால்நடை மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை பல வாரங்கள் மருந்து கொடுத்து, அதே காலத்தில் வீட்டாரும் சிகிச்சை பெறுவதே முறை.

இந்த அறிவுரை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில், நாய்களின் காதிலும் தோலிலும் வாழும் மலசீசியா பாக்கிடெர்மாடிஸ் என்னும் பூஞ்சை குழந்தைகளைத் தாக்கியது பற்றி 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊழியர்கள் வீட்டில் வளர்த்த நாய்களிடமிருந்து அவர்களது கைகள் வழியே அது வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். கைகழுவும் ஒழுக்கம் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டதும் தொற்று அடங்கியது. எந்த நாயையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு விலக்கு உண்டு. வீட்டில் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரோ, உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவரோ இருந்து, நோயுற்ற விலங்கைத் தனியே வைக்க இடமில்லையென்றால், அது குணமாகும்வரை உறவினர் வீட்டில், அவர்களுக்கு நோயைச் சொல்லி, தனி இடத்தில் வைக்கச் செய்யலாம். அது பாதுகாப்பு, கைவிடுதல் அன்று. குழந்தையின் தலையில் முடி கொட்டிச் சீழ்க்கட்டி போலப் புடைத்தால் காலம் தாழ்த்தாதீர்கள். தலைப்படைக்குப் பூச்சு மருந்து மட்டும் போதாது, உள்மருந்தும் வேண்டும். தாமதித்தால் அவ்விடத்தில் முடி மீண்டும் முளைக்காமலே போகலாம்.

எனவே ஓர் உடன்பாடு செய்துகொள்வோம். படையென்று வருபவரிடம், "வீட்டில் நாயோ பூனையோ உண்டா? ஒரே துண்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்பது எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள். விலங்கை இழக்க நேருமோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். அதையும் உங்களையும் ஒருசேரக் குணப்படுத்தவே அந்தக் கேள்வி.