ஊராட்சி தர வேண்டிய நான்கு மணி நேரம்

தன் பராமரிப்பில் உள்ள முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ₹5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சோறு போடாத பிள்ளைகள் மீது முதியவர் மனு கொடுத்தால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரித்து மாதம் ₹10,000 வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். தேவையான சட்டம்தான், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. கைவிடாதவர்களுக்கு என்ன? பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை வருடக்கணக்கில் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, மூக்கில் போட்ட ட்யூப் வழியாகக் கஞ்சி ஊற்றும் மருமகளிடம் இந்தச் சட்டம் பேசுவது ஒன்றைத்தான்: விட்டுவிட்டுப் போனால் வழக்கு வரும்.

மிரட்டலுக்குப் பதில் அவருக்குக் கிடைக்க வேண்டியது உதவி. அந்த உதவியைக் கொடுக்க வேண்டியது அவருடைய ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி. முதலில் கொடுக்க வேண்டியது பணம்கூட அல்ல, நேரம். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அவருக்குப் பதிலாகக் கட்டிலருகே உட்கார ஒரு பயிற்சி பெற்ற ஆள்.

நான்கு மணி நேரம் என்றால் அற்பமாகத் தெரியலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கடைக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். வங்கியில் நகையைத் திருப்ப வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். பங்காளி வீட்டுச் சாவுக்குத் தலைகாட்ட வேண்டும். எதுவும் இல்லையென்றால் தூங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புகிறார்கள். இரவுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ‘ஆள் மாத்த ஆள் இல்ல’ என்று இவர்கள் சொல்வதற்கு இதுதான் பொருள். முன்பு பக்கத்து வீட்டு அத்தையோ கொழுந்தியாளோ வந்து உட்கார்ந்தார்கள். இன்று அந்த அத்தை காலை ஆறு மணிக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார். நகரங்களில் ஏஜென்சி அனுப்பும் ஆளுக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை, பல வீடுகளின் மொத்த வருமானத்தைத் தாண்டுகிறது.

இது சில வீடுகளின் கதை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்கிறது ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. பார்த்துக்கொள்வது யார் என்பதற்கும் கணக்கு உண்டு. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். நாளொன்றுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காடு, 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும். சமையலும் துவைப்பும் அடங்காது. அவை தனிக் கணக்கு.

தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வாசல் தேடி வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் பெற்ற திட்டம் அது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ₹2,000. உலக வங்கிக் கடனுதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ மையங்கள் திறக்கப்படுகின்றன. முதியோருக்கான ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் 25 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டன. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அத்தனையும் நோயாளியை, முதியவரை, மாற்றுத்திறனாளியை நோக்கியவை. பகல்நேர மையத்துக்கு நடந்து வரக்கூடிய முதியவர் வீட்டில் ஓரளவு மூச்சுவிட நேரம் கிடைக்கும். எழுந்து உட்காரவே முடியாதவர் வீட்டில் கிடைக்காது. செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போன பிறகு மிச்சமுள்ள இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கும் பொறுப்பானவர் எந்தப் பதிவேட்டிலும் ஒரு தனி ஆளாக இடம்பெறுவதில்லை. உள்ளாட்சியிடம் தெருவிளக்குக்குக் கணக்கு இருக்கிறது, குடிநீர் இணைப்புக்குக் கணக்கு இருக்கிறது, நாய்களைக்கூட எண்ணுகிறார்கள்.

உள்ளாட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். 1992-இன் 73-ஆவது திருத்தத்தில் சேர்ந்த பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் 26-ஆவது, மாற்றுத்திறனாளிகள் நலம் உள்ளிட்ட சமூக நலம். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலும் இதற்கு இணையான வரி உண்டு. தன் ஊரில் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது வார்டு உறுப்பினருக்குக் கேட்காமலே தெரியும். மாவட்ட அலுவலகத்துக்கு அது தெரிய வேண்டுமானால் மனுவும் சான்றிதழும் வேண்டும். அந்த மனுவை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போக, மறுபடி அதே சிக்கல்: ஆள் மாற்ற ஆள் இல்லை.

மலை தாண்டினால் கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு முயற்சி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அந்த மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இன்று அங்கே ஊராட்சி தன் திட்ட நிதியிலிருந்து ஒரு செவிலியரை நியமிக்கிறது. அவர் வண்டி எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார். கூடவே ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற திட்டத்தில், முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ₹600. தொகை சிறியது, மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது என்ற புகாரும் ஓயவில்லை. கேரளத்தைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ₹600-ஐ அல்ல. ஊராட்சிக் கூட்டத்தில் சாக்கடைக்கும் சாலைக்கும் நடுவே படுக்கைநோயாளிக்கும் ஒரு நிதி ஒதுக்கீடு வருகிறதே, அந்தப் பழக்கத்தை.

இங்கிலாந்தின் சட்டம் இன்னொரு படி மேலே போனது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, குடும்பத்தில் பார்த்துக்கொள்பவரின் தேவைகளைத் தனியாக மதிப்பிட வேண்டியது உள்ளாட்சி மன்றத்தின் கடமை என்கிறது. அந்த மதிப்பீட்டில் ஒரு கேள்வி: இவரால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியுமா, இவருக்கு அதில் விருப்பம் உண்டா? நம் ஊரில் எந்த மருமகளிடம் இதை யார் கேட்டிருக்கிறார்கள்? அங்கேயும் நிதி வெட்டுகளால் பல மன்றங்கள் திணறுகின்றன. மதிப்பீட்டுக்கே நீண்ட காத்திருப்பு. பணத்தைப் பொறுத்தவரை அந்த நாடு தரும் பாடம் கசப்பானது. பராமரிப்பாளர்களுக்கான உதவித்தொகையை அங்கே மத்திய அரசு தருகிறது. வாரச் சம்பாத்தியம் வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து உதவித்தொகை முழுவதும் போய்விடும். இதை அறியாமல் பகுதிநேர வேலை பார்த்தவர்களிடமிருந்து, வருடங்கள் கழித்து, ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பிக் கேட்டார்கள். சிலர் மீது வழக்கும் பாய்ந்தது. உதவித்தொகை என்றால் வரம்பு, சான்று, தகுதி நீக்கம், பிடித்தம் எல்லாம் பின்னாலேயே வரும் என்பது நமக்கும் தெரிந்த கதைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரச் சொல்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் ஆளை அனுப்பத் தொடங்கலாம். கட்டிலருகே உட்காரும் மனிதரைப் பிடித்தம் செய்ய முடியாது.

‘பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அரசு நுழைந்தால் பாசம் கெட்டுவிடும்’ என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இதைச் சொல்பவர் பார்த்துக்கொள்பவராக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, ‘அம்மா இளைச்சுட்டாங்களே’ என்று கேட்டுவிட்டுப் போகிறவராக இருக்கிறார். வாரத்துக்கு 168 மணி நேரத்தில் எட்டு மணி நேரத்தை ஊர் ஏற்றுக்கொண்டால், மிச்சம் 160 மணி நேரமும் குடும்பத்தின் தோளில்தான் இருக்கும்.

உதவி இல்லாத குடும்பம் எங்கே போய் நிற்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பலர் வீட்டில் வைத்துப் பார்த்துக் களைத்துப்போனவர்கள். அரசு அந்தக் காப்பகங்களை மூடியது, மூட வேண்டியதுதான். அந்தக் குடும்பங்களுக்கு வீட்டிலேயே என்ன உதவி தேவைப்பட்டது என்று கேட்கும் வேலை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மனநோய், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வீடுகளில் பார்த்துக்கொள்வது ஓரிரு வருட வேலை அல்ல, ஆயுள் முழுக்க. நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டும் எழுபது வயதுத் தாய்மார்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்படியான காப்பாளர் சான்றிதழ் வாங்குவதற்குக்கூட அவர்களுக்குத் துணை ஆள் தேவைப்படுகிறது.

செலவைப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் இப்படிப்பட்ட வீடுகள் பத்து என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வாரம் எட்டு மணி நேரம், மொத்தம் எண்பது மணி நேரம்; இரண்டு பேரின் முழுநேர வேலை. நாளுக்கு ₹600 வீதம் மாதம் 26 நாள் என்றால் இருவருக்கும் ஆண்டுக்கு ₹3,74,400. ஒரு தெருவுக்கு சிமெண்ட் சாலை போட இதைவிட அதிகம் ஆகும். சிக்கல் தொகையில் இல்லை, விதியில் இருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு (2021–26) ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மிச்சத்தைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் விதி. கல்லுக்கும் மண்ணுக்கும் காசு உண்டு, ஆளுக்கு இல்லை. ஆகவே மாநில நிதிக்குழுப் பகிர்விலிருந்து இதற்கெனத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டியது தமிழக அரசின் பொறுப்பு. ஒதுக்காமல் ‘ஊராட்சிகள் செய்துகொள்ளலாம்’ என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் அது ஏமாற்று வேலை.

இந்த வேலைக்கு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைப் பயிற்றுவிப்பது இயல்பான வழி. ஆனால் ஓர் எச்சரிக்கை. இவர்களைத் ‘தன்னார்வலர்’ என்று அழைத்து, ‘ஊக்கத்தொகை’ என்று எதையோ கையில் திணிக்கும் பழக்கம் நம் நிர்வாகத்தில் ஊறிப்போயிருக்கிறது. வீட்டுக்குள் கூலியில்லாமல் உழைக்கும் ஒரு பெண்ணின் சுமையை, அரைக்கூலிக்கு உழைக்கும் இன்னொரு பெண்ணின் தலையில் மாற்றிவைப்பது நிவாரணம் ஆகாது. தூக்கவும் திருப்பவும் ஆண் பணியாளர்களும் வேண்டும். நோயாளி ஆணாக இருக்கும் வீடுகளில் இன்னும் கூடுதலாக. ஊதியம், முதுகைக் காப்பாற்றும் பயிற்சி, ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரின் மேற்பார்வை மூன்றும் இல்லாமல் யாரையும் வீட்டுக்குள் அனுப்பக் கூடாது. திருட்டு, முறைகேடு பற்றிய பயம் குடும்பங்களுக்கு நியாயமாகவே இருக்கும். அதே ஊர்க்காரராக இருப்பதும், புகாரைக் கேட்க நடந்து போகும் தூரத்தில் ஓர் அலுவலகம் இருப்பதும் அதற்குத் தரும் பாதுகாப்பை ஏஜென்சி தர முடியாது.

கருவிகளுக்கு ஒரு வார்த்தை. ஏர் பெட், சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில் என்று ஒருவர் இறந்த பிறகு பரணில் கிடப்பவை ஊருக்கு ஊர் ஏராளம். அவற்றை வாங்கிச் சுத்தம் செய்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்க, ஊராட்சி அலுவலகத்தில் ஓர் அறையும் ஒரு நோட்டும் போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பார்த்துக்கொள்பவர்கள் அங்கே வந்து கை தூக்க மாட்டார்கள். அவர்களால் வர முடியாது என்பதுதானே பிரச்சினையே. அவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைப் பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்றாக இருக்கட்டும். ஊரகப் பகுதிகளில் ஒரு தடை உண்டு: 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊரில் யாரிடம் போய் நான்கு மணி நேரம் கேட்பது? தேர்தலைத் தள்ளிப்போடுவதன் விலையில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை மாநகராட்சிக்கு அந்தச் சாக்கும் இல்லை. சொந்த வருவாய், சொந்த நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்கள், சொந்தச் செவிலியர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட 200 வார்டு உறுப்பினர்கள் என்று வேண்டியதெல்லாம் அதன் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குக் கீழே இருக்கிறது. 2013-இல் மலிவு விலை உணவகங்களைத் தானே திறந்து நடத்திக் காட்டிய மாநகராட்சி இது. மண்டலத்துக்கு ஒரு வார்டில் பார்த்துக்கொள்பவர்களைக் கணக்கெடுத்து ஆள் அனுப்பும் பணியை, மாநில அரசின் ஆணைக்குக் காத்திராமல், அடுத்த மன்றக் கூட்டத்திலேயே தீர்மானமாக்கலாம்.