நாட்டு நாய்க்கு இருபது ஷேக்கல்

தெருநாயைக் கொன்று கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு நாய் ஒன்றுக்கு 20 ஷேக்கல் தருவதாக 2022 நவம்பரில், மேற்குக் கரையிலுள்ள பாலஸ்தீன நகரமான ஹெப்ரானின் மேயர் தைசீர் அபூ ஸ்னைனா அறிவித்தார். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பேச்சு வெளியான கையோடு, நாய்களை அடிக்கும், இழுத்துச்செல்லும் காட்சிகள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கின. எதிர்ப்பும் அதே வேகத்தில் கிளம்பியது. பிரச்சினையின் பக்கம் கவனத்தைத் திருப்ப விளையாட்டாகச் சொன்னது அது என்று மேயர் பின்வாங்கினார்.

செய்தி உலகைச் சுற்றியபோது அதோடு ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டது. அரபு முஸ்லிம்களுக்கு நாய் என்றால் ஆகாது, இரக்கத்தை வெளியிலிருந்துதான் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற விளக்கம். அது தவறானது, ஆபத்தானதும்கூட. மேற்குக் கரையில் ஆண்டுக்கணக்கில் தெருநாய்களுக்காகவே உழைத்துவரும் பாலஸ்தீனர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவிப்பு மற்றவர்களைவிட அவர்களைத்தான் அதிகம் காயப்படுத்தியது. அங்கே நாயைக் கொல்வது நிர்வாகத்தின் கையாலாகாத்தனம். அந்தக் கையாலாகாத்தனத்துக்கு ஒரு வரைபடமும் கையெழுத்தான தேதியும் உண்டு. நாயைக் காப்பாற்றும் வேலை பிறந்தது ஊர் வழக்கத்திலிருந்து.

மதத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடலாம். எப்படியும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். பாலஸ்தீன சன்னி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபைச் சேர்ந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் அதுதான் வழக்கு. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டு, கழுவ வேண்டும் என்கிறது அது. மாலிக்கி மத்ஹபோ நாயை அசுத்தமாகவே கருதுவதில்லை. கழுவச் சொல்வது தூய்மை பற்றிய விதி. அடிக்கலாம், கொல்லலாம் என்ற அனுமதியை அதற்குள் தேடினால் கிடைக்காது. தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்தவனின் பாவங்களை இறைவன் மன்னித்த கதையோ ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், குகையில் உறங்கும் இளைஞர்களோடு வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் நாயும் இருக்கிறது. ‘நாயே’ என்று திட்டும் வழக்கம் அரபியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. வசைச்சொல்லை வைத்து ஒரு சமூகத்தின் மனதை அளப்பதானால் நாமும் தப்ப மாட்டோம்.

உரிமையாளர் இல்லாமல் திரியும் நாயை அழிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தந்த ஒரு சட்டம் அந்த மண்ணில் உண்டு. அதைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1934ஆம் ஆண்டின் ரேபிஸ் சட்டம் அது. அதே 1930களில்தான் வியன்னாவில் பிறந்த நாய் ஆய்வாளர் ருடோல்ஃபினா மென்செல், பெடோயின் நாடோடிகளின் கூடாரங்களையும் ஊர் ஓரங்களையும் சுற்றித் திரிந்த உள்ளூர் நாய்களைப் பிடித்துப் பழக்கத் தொடங்கினார். யூத ஆயுதப் படையான ஹகானாவுக்குக் காவல் வேலையும் தூது வேலையும் செய்யும் நாய்கள் தேவைப்பட்டன. ஐரோப்பிய நாய்கள் அந்த வெயிலைத் தாங்கவில்லை; உள்ளூர் நாய்கள் தாங்கின. மென்செல் அவற்றுக்குக் ‘கானான் நாய்’ என்று பெயர் வைத்தார். 1966இல் சர்வதேச நாய் இனக் கூட்டமைப்பு அதைத் தனி இனமாக ஏற்றது. இன்று அது இஸ்ரேலின் தேசிய நாய்.

பாலஸ்தீனர்களிடம் அந்த நாய்க்கு வேறு பெயர்: கல்ப் பலதி. ‘பலத்’ என்றால் நாடு, ஊர். பலதி தக்காளி, பலதி முட்டை, பலதி கோழி என்று சந்தையில் கூவி விற்பார்கள். நம்முடைய ‘நாட்டு’ என்ற சொல்லை அப்படியே அங்கே வைத்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி, நாட்டு முட்டை, நாட்டு நாய். ருசியும் மணமும் ஊரோடு சேர்ந்த உரிமையும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. ஹெப்ரான் குப்பைமேட்டில் திரியும் நாய் இன்று பல இரத்தம் கலந்தது என்பது உண்மைதான். ஆனாலும் நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் மணல் நிறமுமாக ஒன்று எதிரே வந்து நின்றால், அதற்கும் வம்சாவளிச் சான்றிதழோடு வளர்க்கப்படும் கானான் நாய்க்கும் பாட்டி ஒருத்திதான் என்று தெரிந்துவிடும். ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். மற்றொன்று கேட்பாரில்லாமல் தெருவில் நின்றுவிட்டது.

கேட்பாரில்லாமல் போனதற்குக் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. 1995இன் இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டியது. சுமார் 60 விழுக்காடு நிலம் சி பகுதி. அங்கே முழு அதிகாரமும் இஸ்ரேல் ராணுவத்துடையது. ஹெப்ரானுக்கு 1997இல் தனியாக ஒரு வெட்டு விழுந்தது. நகரத்தின் ஐந்தில் ஒரு பங்கு, பழைய நகரத்தையும் சேர்த்து, ராணுவத்தின் கையில். சில நூறு யூதக் குடியேறிகள் அங்கே வாழ, பல்லாயிரம் பாலஸ்தீனர்கள் தம் தெருவுக்குப் போகவே சோதனைச் சாவடியைக் கடக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது எப்படி? ரேபிஸ் பரவலை நிறுத்த நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய் ஒரு பகுதியில் குட்டி போடுகிறது, இன்னொரு பகுதியில் குப்பை தின்கிறது, மூன்றாவதில் போய்ப் படுக்கிறது. நகராட்சி வண்டி அதன் பின்னால் போக முடியாது. சி பகுதியில் ஒரு காப்பகம் கட்டவோ குப்பைக்கிடங்கு அமைக்கவோ இஸ்ரேலின் அனுமதி வேண்டும். அது கிடைப்பது அரிது. நஞ்சு கலந்த இறைச்சிக்கு யார் அனுமதியும் வேண்டாம், செலவும் சொற்பம். ஆகவே நஞ்சு.

இதையெல்லாம் சொல்வதால் மேயரை நான் விடுவிக்கவில்லை. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்த தெருவின் நாய்கள், தடுப்பூசி போடாதவை, வந்து சேரும். கருத்தடை செய்து அதே தெருவில் விட்ட நாய் மற்ற நாய்களை உள்ளே விடாது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ரமல்லாவிலும் பெத்லகேமிலும் இருந்தார்கள். 2011இல் தொடங்கப்பட்ட பாலஸ்தீன விலங்கு லீக், ‘பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, திரும்ப விடு’ என்ற முறையைத்தான் ஊர் ஊராக வலியுறுத்திவருகிறது. நாய்களை அகற்றுவதில் மட்டும் குறியாக இருக்கும் நகராட்சிகளோடு உட்கார்ந்து பேசுவது அவர்கள் வேலையில் பெரும்பகுதி.

பெத்லகேமை ஒட்டிய பெய்த் சாஹூருக்கு வருகிறேன், அந்த ஊர் என் மனதை விட்டுப் போவதில்லை. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த டயானா பாபிஷ் 2013இல் தொடங்கிய அமைப்பு அங்கேதான் தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்தியது. விபத்தில் அடிபட்டவை, குண்டு பாய்ந்தவை, பெட்டியில் போட்டுத் தூக்கியெறியப்பட்ட குட்டிகள் என்று சேர்ந்தவற்றில் பல, கடைசியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு கண்டன. அந்த ஊரில் இப்படி ஒன்று முளைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின் காலத்தில் அதே பெய்த் சாஹூர்க்காரர்கள், இஸ்ரேலியப் பாலை வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, இஸ்ரேலியக் கூட்டுப்பண்ணையான ஒரு கிப்புட்ஸிலிருந்து 18 பசுக்களை விலைக்கு வாங்கினார்கள். பால் கறந்து பழக்கமே இல்லாத படித்த நடுத்தரவர்க்க ஊர் அது. இஸ்ரேலின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி ராணுவம் அந்தப் பசுக்களைத் தேடத் தொடங்கியது. ஊரே சேர்ந்து அவற்றை ஒளித்துவைத்தது. அமர் ஷொமாலியும் பால் கோவனும் 2014இல் எடுத்த ‘தி வான்டட் 18’ ஆவணப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது.

இதற்குப் பின்னால் பாலஸ்தீனக் கிராமங்களில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: ஔனா. ஒரு வீட்டில் கான்கிரீட் கூரை போடும் நாளில் ஊர் ஆண்கள் எல்லாம் சட்டி தூக்க வந்துவிடுவார்கள். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. அக்டோபர், நவம்பரில் ஆலிவ் பறிப்புக்கு ஆள் இல்லாத விதவையின் தோப்பில் பக்கத்துத் தோப்புக்காரர்கள் இறங்குவார்கள். அரசு என்ற ஒன்று தனக்காக வந்து நிற்காத இடத்தில் வேலையை ஊர் எடுத்துக்கொள்கிறது. நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் அப்படி ஊர் எடுத்துக்கொண்ட வேலைதான்.

நாயை வைத்து ஆக்கிரமிப்பின் உள்ளமைப்பைக் காட்டியவர் என்றால் கட்டடக் கலைஞர் சுஆத் அமீரியைச் சொல்ல வேண்டும். பாழடைந்த பாலஸ்தீனக் கிராம வீடுகளைச் செப்பனிடும் ‘ரிவாக்’ நிறுவனத்தை 1991இல் ரமல்லாவில் தொடங்கியவர். நூரா என்ற தன் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட இஸ்ரேலியக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனார். ஊசியோடு எருசலேம் நாய் என்ற அடையாள ஆவணமும் குட்டிக்குக் கிடைத்தது. அமீரிக்கோ எருசலேமுக்குள் நுழைய அனுமதி கிடையாது. ஒருநாள் சோதனைச் சாவடியில் நாயின் ஆவணத்தை நீட்டி, இது எருசலேம் நாய், இதற்குக் கார் ஓட்டத் தெரியாது, நான் இதன் ஓட்டுநர் என்றார். சிப்பாய் விட்டுவிட்டான். ‘ஷரோனும் என் மாமியாரும்’ என்ற அவருடைய புத்தகத்தில் இந்தச் சம்பவம் வருகிறது. படிப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சாவடியில் கையில் நாய் இல்லாமல் நிற்கும் மற்றவர்களின் நினைவு வந்தது.

காஸாவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது, எழுதும்போது கை தயங்குகிறது என்றாலும். அங்கே 2006இலிருந்து சயீத் அல்-எர் நடத்திவந்த காப்பகத்தின் பெயர் சுலாலா; அரபியில் வம்சம் என்று பொருள். 365 சதுர கிலோமீட்டரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முற்றுகைக்குள் வாழ்ந்த இடத்தில் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு அது இடம் கொடுத்தது. பின்னங்கால் செயலிழந்த நாய்களுக்காகக் குழந்தைகளின் பொம்மை வண்டியிலிருந்து கழற்றிய சக்கரங்களை இரும்புச் சட்டத்தில் பொருத்தி நடைவண்டி செய்தார்கள். இடுப்பை வார் தாங்கிப் பிடிக்க, பின்னால் இரண்டு பொம்மைச் சக்கரங்கள் உருள, முன்னங்கால்களால் மணலை உந்தி நாய் ஓடுகிறது. 2023 அக்டோபரில் போர் தொடங்கி, தெற்கே போகச் சொல்லி இஸ்ரேல் ராணுவத்தின் உத்தரவு வந்தபோது தூக்கிச்செல்ல முடிந்தவற்றோடு அவர் இடம்பெயர்ந்தார். மற்றவற்றுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

அதன் பிறகு காஸாவில் நாய் என்ற சொல்லுக்கே வேறு கனம் வந்துவிட்டது. 2024 ஜூலையில் காஸா நகரின் ஷுஜாஇயா பகுதியில் வீடு புகுந்த இஸ்ரேல் ராணுவத்தின் நாய், டவுன் சிண்ட்ரோம் உள்ள 24 வயது இளைஞரைக் குதறியது. குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது உடல். மீட்கப்படாத சடலங்களைப் பட்டினி நாய்கள் தின்பதாக வடக்கிலிருந்து மருத்துவப் பணியாளர்கள் சொன்னார்கள். இதையெல்லாம் கண்ட ஒரு தாய் நாயைக் கண்டதும் கல்லெடுத்தால் அவளிடம் நான் எதையும் போதிக்க மாட்டேன்.

மனிதர்கள் சாகும்போது நாய்க்கு என்ன என்ற கேள்வி சுலாலாவிடம் நிறையக் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் இரண்டு பங்காக இருக்கும் ஒரு ரொட்டியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நாய்க்குக் கொடுத்த பங்கு குழந்தையிடமிருந்து போனதாக நினைக்கிறார்கள். ஆனால் ரொட்டியே உள்ளே வரவில்லை. 2024 தொடக்கத்தில் வடக்கு காஸாவில் மாவு தீர்ந்து, மக்கள் கால்நடைத் தீவனத்தை அரைத்து ரொட்டி சுட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகமான குழந்தைகள் கை கால் இழந்திருக்கும் இடம் காஸா என்று ஐ.நா. பொதுச்செயலர் சொன்னார். மாவு, தீவனம், மயக்கமருந்து, செயற்கைக் கால் என எல்லாவற்றுக்கும் எல்லையில் வாசல் ஒன்றுதான், அதைத் திறப்பதும் மூடுவதும் ஒரே கைதான். கூடாரங்களுக்கு நடுவே அடிபட்ட நாய்க்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருப்பவரும் தன் பிள்ளைகளுக்கான மாவுக்கு அந்த வாசலைப் பார்த்துத்தான் காத்திருக்கிறார்.