கடைசி வரிசையின் குரலும் கேட்கட்டும்!

பாண்டு வாத்தியம் என்றதும் நம் கண்முன் தோன்றுபவை எவை? முழங்கும் டிரம், பளபளக்கும் கார்னெட், இனிமை சொட்டும் கிளாரினெட். இவற்றுக்கெல்லாம் பின்னே, கடைசி வரிசையில், வளைந்து பெருத்த பித்தளைக் குழாய் ஒன்று ‘பூம், பூம்’ என்று ஒலிக்குமே, அதுதான் டியூபா. அதை வாசிக்கும் மாணவியின் முகம்கூட நமக்குத் தெரிவதில்லை, கருவியே மறைத்துவிடுகிறது! அக்கருவிக்கும் ஆண்டுவிழா மேடையில், பாண்டு துணை நிற்க, ஒரு தனி வாசிப்பு வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

“டியூபாவில் தனி வாசிப்பா?” என்று சிலர் நகைக்கலாம். 1835-இல் பெர்லின் நகரில் பிறந்த இக்கருவி, நெடுங்காலம் தாளத்துக்குத் துணையாகவே இருந்தது உண்மைதான். ஆனால் 1954-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ், தமது 81-ஆம் வயதில், டியூபாவுக்கென்றே ஒரு கச்சேரி இசையை இயற்றி இலண்டனில் அரங்கேற்றினார். 2006-இல் கேரல் ஜான்ச் என்னும் பெண், கல்லூரி மாணவியாக இருந்தபோதே, அமெரிக்காவின் பிலடெல்பியா இசைக்குழுவில் முதன்மை டியூபாக் கலைஞராகத் தேர்வு பெற்றார். பெண்ணால் இயலாது என்பார் இனி என்ன சொல்வர்?

சரி, எதை வாசிப்பது? டியூபாவுக்கென்று இயற்றிய கடினமான இசை பள்ளி மாணவியர்க்கு எளிதில் எட்டாது. பிற கருவிகளின் இசையைத் தேடி எடுத்து மாற்றிக்கொள்வதே நல்வழி. ‘வெனிஸ் திருவிழா’ என்னும் பழைய மெட்டின்மீது பிரெஞ்சுக் கலைஞர் ஆர்பன் (1825–1889) கார்னெட்டுக்காக அமைத்த இசையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். நம் பாடகர்கள் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்ப்பது போல, எளிய மெட்டு ஒன்று அதில் படிப்படியாக வேகம் பெறுகிறது. டியூபாக் கலைஞர் பலரும் அதைத் தம் கருவிக்கு மாற்றி வாசித்துள்ளனர். உரிமைக்காலம் கடந்த இசையாதலால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெரிய டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 18 அடி வரும். அதற்குக் கார்னெட்டைவிட மிகுதியான மூச்சு தேவை. போடிமெட்டு ஏறும் ஜீப் வளைவுக்கு வளைவு கியர் மாற்றுவது போல, மூச்சு வாங்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். தேவையானால் சில சுரங்களை விட்டுவிடலாம். அடிமட்டத்தில் வேகமான சுரங்கள் குழம்பும். அவற்றைச் சற்று மேலே வைக்க வேண்டும். எல்லாச் சங்கதிகளும் வேண்டாம். மெட்டும் இரண்டு சங்கதிகளும் போதும். துணை வாசிப்போர் அடக்கம் காட்ட வேண்டும். கீழ்ச்சுரத்தை யூஃபோனியம் மெல்லப் பிடிக்கட்டும்; கிளாரினெட்டுகள் சிறு சிறு சுரங்களாகத் தொடட்டும்; டியூபா ஓயும் இடைவெளியில் மட்டும் முழு பாண்டும் முழங்கட்டும்.

இரவல் இசையை நமதாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மேனாட்டு பாண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் நோட்டு சுரப் பாடல்கள் இயற்றினார். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்து 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன் கருவியையே திருத்தி, அதில் கமகம் பேச வைத்தார். அவர்கள் செய்ததில் ஒரு துளியையேனும் நாம் செய்யலாகாதா?

“கனமான கருவி, பெண் பிள்ளைக்கு எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்திற்குப் போய், சரிவில் நாளெல்லாம் காய் பறித்து, கூடை சுமந்து திரும்பும் தாய்மார் வாழும் ஊர் இது. அவர்களின் பெண்களுக்கு ஒரு பித்தளைக் குழாய் பாரமாகுமா? அதை மடியில் வைத்து உட்கார்ந்தும் வாசிக்கலாமே! “படிப்பு கெடும்” என்பர் வேறு சிலர். வாரத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சியால் கெடும் படிப்பு, வேறு எதனாலும் கெடும்.

நாங்கள் பொதுத்தேர்வு எழுதப் போகிறோம். பாண்டுச் சீருடையைக் கழற்றி வைக்கும் வேளை வந்துவிட்டது. ஆகவே இதை எங்களுக்காகக் கேட்கவில்லை. கடைசி வரிசையில் நிற்க எவரும் விரும்பாததால், சில ஆண்டுகளில் அக்கருவி அறையிலேயே கிடந்தது. அடிநாதம் இல்லாத பாண்டின் அணிநடை எவ்வளவு வெறுமையாக ஒலித்தது என்பதை விளையாட்டு விழாவில் எல்லோரும் கேட்டோம். ஒரு தனி வாசிப்பு உண்டு என்று தெரிந்தால், அதைத் தூக்கத் தங்கைகள் போட்டியிடுவர்.

மதிப்பிற்குரிய மதர் அவர்களே, சிஸ்டர்களே! வரும் ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலில் ஐந்தே நிமிடம் ஒதுக்கித் தாருங்கள். பெற்றோரே, உங்கள் மகளை ஊக்குவியுங்கள். அன்புத் தங்கைகளே, தயங்காமல் முன்வாருங்கள். தாங்கி நிற்பவர்க்கும் பாடத் தெரியும் என்பதை ஊர் அறியட்டும்!