மலைக்குப் பிறந்த சைக்கிள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

மனிதன் கண்ட ஊர்திகள் பல. அவற்றுள் ஏழையின் வீட்டுத் திண்ணை வரை வந்து உறவு கொண்டாடியது சைக்கிள் ஒன்றே. நம் கல்லூரியில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் காலை நேரம் நின்று பாருங்கள். இரண்டு வகைகள் கண்ணில் படும். ஒன்று, பள்ளியில் படிக்கும்போது அரசு கொடுத்த சாதாரண சைக்கிள். மற்றொன்று, பருத்த டயரும் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும் கொண்ட ‘டபுள் ஷாக்’ சைக்கிள். முதல் வகைக்காரர் ஓரமாக நிறுத்துவார். இரண்டாம் வகைக்காரர் எல்லோரும் பார்க்கும்படி நடுவில் நிறுத்துவார். சென்ற ஆண்டு நானும் நடுவில் நிறுத்தியவன்தான். இவ்வாண்டு ஓரத்துக்கு வந்துவிட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். ஊரிலிருந்து கல்லூரி 9 கிலோமீட்டர். முதலாண்டில் சேர்ந்தபோது, கைப்பேசியில் ஐரோப்பிய மலைச் சரிவுகளில் வீரர்கள் சைக்கிளில் பறந்து இறங்கும் காட்சிகளைக் கண்டு மயங்கியிருந்தேன். ‘எண்டூரோ’ என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர். அதே உருவத்தில் ஒரு சைக்கிள் பக்கத்து நகரத்துக் கடையில் நின்றது. விலை 11,500 ரூபாய். அம்மா எடுத்த ஏலச்சீட்டுப் பணத்தோடு, அரசு கொடுத்த சைக்கிளை 1,200 ரூபாய்க்கு விற்ற காசையும் சேர்த்து அதை வாங்கினேன். “கண்ணு, உனக்குப் புடிச்சதையே வாங்கிக்கோ” என்றார் அம்மா. எனக்குப் பிடித்தது எது என்பது எனக்கே தெரியாது என்பதை அவர் அறியவில்லை, நானும் அறியவில்லை.

முதல் வாரத்திலேயே மூச்சு வாங்கியது. ஏரிக்கரை மேட்டில் மிதிக்க மிதிக்க, சைக்கிள் முன்னேறுவதைவிட மேலும் கீழும் ஆடுவதே அதிகமாக இருந்தது. மரவள்ளிக் கிழங்கு எடை போடும் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தேன், 21 கிலோ! நான்காம் மாதத்தில் பின்சக்கரத்தைத் தாங்கும் மூட்டு தளர்ந்து இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. வாங்கிய கடையில் உதிரிப்பாகம் இல்லையென்று கைவிரித்து விட்டார்கள். அன்றிலிருந்துதான், நான் வாங்கியது எது, வாங்க நினைத்தது எது என்று ஆராயத் தலைப்பட்டேன்.

மலைச் சைக்கிளின் கதை கலிபோர்னியாவில் மாரின் மாவட்டத்து மலைகளில் தொடங்குகிறது. 1976-இல் அங்குள்ள இளைஞர்கள் சிலர் மலைச்சரிவில் இறங்கும் போட்டி ஒன்றை நடத்தினார்கள். அவர்கள் ஓட்டியவை புத்தம் புதிய சைக்கிள்கள் அல்ல. பல பத்தாண்டுகள் பழையதாகிப் போன கனத்த சைக்கிள்கள்! ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கு, செங்குத்துச் சரிவில் சூடேறி உள்ளிருக்கும் கிரீசையே எரித்துவிடும். கீழே இறங்கியதும் மறுபடி கிரீசை அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்தது. பிறகுதான் அந்த மலைக்கென்றே புதுச் சட்டங்களைச் செய்தார்கள். ஸ்பிரிங் வைத்த முன்கவை 1990-ஐ ஒட்டியே கடைக்கு வந்தது. பின்சக்கரத்துக்குச் சஸ்பென்ஷன் அதன் பிறகே பரவியது. எண்டூரோ பந்தயத்துக்கான உலகத் தொடர் 2013-இல் இத்தாலியில் தொடங்கியது. அப்பந்தயத்தில் இறக்கத்துக்கு மட்டுமே கடிகாரம் ஓடும். ஆனால் ஏற்றத்தைப் பெரும்பாலும் வீரன் தன் காலாலேயே மிதித்துக் கடக்க வேண்டும்.

நண்பர்களே, இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். முதலில் மலை, பிறகு அதன் துன்பம், அதன் பிறகே கருவி. நானோ கருவியை முதலில் வாங்கிவிட்டு மலையைத் தேடினேன்!

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். நம் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு அலைவு நேரம் காண்கிறோம். அதையே என் சைக்கிளில் செய்து பார்த்தேன். நான் ஏறி அமர்ந்தால் ஆசனம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அமிழ்ந்தது. அமிழ்ந்த நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்கினால் அலைவு நேரம் 0.4 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 150 ஆட்டம். நான் நிமிடத்துக்கு 75 சுற்று மிதிக்கிறேன். இரண்டு காலும் மாறி மாறி அழுத்துவதால் நிமிடத்துக்கு 150 அழுத்தம்! ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, என் ஒவ்வொரு மிதியும் சைக்கிளின் ஆட்டத்தையே வளர்த்தது. வகுப்பில் ஒத்ததிர்வு என்று படித்ததை ஏரிக்கரையில் முழங்கால் வலியாக அனுபவித்தேன். இது தோராயக் கணக்கே. ஆயினும் வலி தோராயமானதன்று.

அப்படியானால் மெய்யான எண்டூரோ சைக்கிளில் இந்த ஆட்டம் இல்லையா? அங்கேதான் இரகசியம் இருக்கிறது. பின்சக்கரம் 160 மில்லிமீட்டர் மேலெழும்பக்கூடிய சைக்கிளில், ஓட்டுபவர் அமர்ந்தவுடன் அதில் 25 முதல் 30 சதவீதம், அதாவது 40 முதல் 48 மில்லிமீட்டர் அமிழும்படி காற்றழுத்தத்தை அமைக்கிறார்கள். அமிழ்வு ஏறத்தாழ என் சைக்கிளுக்குச் சமம்தான். ஆனால் அங்கே ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு தணிப்பான் உண்டு. உள்ளே எண்ணெய் நுண்ணிய துளைகள் வழியே பிதுங்கி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி அடக்குகிறது. மேலும், செயின் இழுக்கும்போது பின்பாகம் அமிழ்ந்துவிடாதபடி மூட்டுகளின் இடத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். என் சைக்கிளிலோ வண்ணம் பூசிய வெறும் சுருள் மட்டுமே இருந்தது. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். அடக்குவது தணிப்பானின் வேலை. கடைக்காரர் காட்டுவது ஸ்பிரிங்கை. நாம் கேட்க வேண்டியது தணிப்பானை.

உண்மையிலேயே மலைப்பாதையில் ஓட்டும் வாய்ப்புள்ளவர், எண்டூரோ சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலாவது, சக்கரம் எழும்பும் அளவு. 100 முதல் 120 மில்லிமீட்டர் நாடு சுற்றும் பந்தயத்துக்கு. 200 மில்லிமீட்டர் வெறும் இறக்கத்துக்கு. எண்டூரோவுக்குப் பின்னால் 150 முதல் 170, முன்னால் 160 முதல் 180 போதும். பாதை கடினமில்லையெனில் கூடுதல் அளவு கூடுதல் சுமையே. இரண்டாவது, சட்டத்தின் கோணம். முன்கவை 63 முதல் 65 பாகை வரை சாய்ந்திருந்தால் செங்குத்துச் சரிவில் குப்புறத் தள்ளாது. ஆனால் சமதரையில் திருப்புவதற்கு மந்தமாக இருக்கும். மூன்றாவது, உடலுக்கேற்ற சட்ட அளவு. இது பொருந்தாவிட்டால் மற்றவை அனைத்தும் வீண். நான்காவது, பிரேக்கு. 200 மில்லிமீட்டர் அளவு தட்டும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிடிப்பும் அங்கே ஆடம்பரமல்ல, உயிர்க்காப்பு. ஐந்தாவது, பராமரிப்பு. ஏறத்தாழ 50 மணிநேரம் ஓட்டியதும் முன்கவையைப் பிரித்து எண்ணெய் மாற்ற வேண்டும். பழுது பார்ப்பவர் யார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்குபவர், யானையை வாங்கிவிட்டுத் தீனிக்கு அலைபவராவார்.

இவ்வளவும் அமைந்த சைக்கிளின் விலை இலட்சங்களில் இருக்கிறது. எடையும் 14 முதல் 16 கிலோ. 11,500 ரூபாய்க்கு அது கிடைக்காது. கிடைத்தது அதன் வேடம் மட்டுமே. பணம் குறைவாக இருந்து மலைமேல் ஆசையும் இருந்தால், பின்புறம் ஸ்பிரிங்கே இல்லாத, நல்ல பிரேக்கும் முன்கவையும் கொண்ட சைக்கிளே மேல். சாலையில் மட்டும் போகிறவருக்கு அந்த முன் ஸ்பிரிங்கும் வேண்டியதில்லை. டயரில் காற்று சரியாக இருந்தால் அதுவே ஏழையின் சஸ்பென்ஷன்.

“கூலிக்காரன் மகனுக்கு எதற்கடா மலைச் சைக்கிள் ஆசை?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆசைப்படுவது குற்றமானால் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்ததும் குற்றம்தான். என் பிழை ஆசையில் இல்லை; அறியாமல் ஆசைப்பட்டதில் இருக்கிறது. பணமுள்ளவர் தவறாக ஒன்றை வாங்கினால் இன்னொன்று வாங்குவார். நம்மைப் போன்றவருக்குத் தவறு ஒரு சீட்டுத் தவணையாக மாதாமாதம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆகவே, பணமில்லாதவனுக்கே அறிவு அதிகம் தேவை.

முடிவில் என் சைக்கிளைக் காப்பாற்றியவர் எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவர். “தம்பி, இதுக்குப் புஷ் எங்கயும் கிடைக்காது. ஆடுறதை நிறுத்திட்டா ஓடும்” என்றார். பின் ஸ்பிரிங்கைக் கழற்றி, அதே நீளத்தில் ஓர் இரும்புத் துண்டை வைத்து இறுக்கிவிட்டார். கூலி 80 ரூபாய். இன்று ஏரிக்கரை மேட்டை இறங்காமல் ஏறுகிறேன். பாதைக்கேற்பக் கருவியை மாற்றிய மாரின் இளைஞர்களும் நெற்றியில் கிரீசு படிந்த எங்கள் பெரியவரும் என் கண்ணுக்கு ஒரே பள்ளியில் படித்தவர்களாகத் தோன்றுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்கள் வந்து சேரும் வாரத்தில், நம் இயற்பியல் துறை ஒரு தராசையும் அளவுகோலையும் வைத்து, சைக்கிள் வாங்க இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாகாதா? பேராசிரியப் பெருமக்கள் அனுமதித்தால் என் சைக்கிளையே காட்சிப்பொருளாகக் கொண்டுவருகிறேன். அரசு கொடுத்த சைக்கிளை விற்க நினைக்கும் தம்பி தங்கையர், அதை விற்குமுன் ஒருமுறை என்னை வந்து பார்க்கட்டும்.

என் தங்கைக்குச் சென்ற மாதம் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். அதைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டமின்றி அமைதியாகச் சுழன்றது. நான் 1,200 ரூபாய்க்கு விற்றது எது என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.