மீஞ்சூர் வரை சரி, அப்புறம்?



பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதத் தபாலில் வந்தது. கணவர் ஏரியில் இறாலுக்கு வலை போடுபவர். மகனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பிப் போகிறாராம். இத்தனை நாளும் பைக்கில்தான். இப்போது கார் வாங்கக் காசு சேர்த்திருக்கிறார். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும் கார்தான் வேண்டும் என்று நிற்கிறாராம். அந்த வசதியோடு வருகிற மாடலுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதல் விலை. “அத்தனை காசுக்கு அது தகுமா ஐயா? பிள்ளை பத்திரமாக வந்து சேருவானா?” என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் கேட்கும் வசதியின் பெயர் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல். அது உள்ள காரில், முன்பக்க கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் ஒரு ரேடார் இருக்கும். பெரும்பாலும் கண்ணாடியின் மேல்புறம் ஒரு கேமராவும் இருக்கும். நீங்கள் 80 கிலோமீட்டர் என்று வேகத்தை வைத்து, இடைவெளியையும் சொல்லிவிட்டால் போதும். முன்னால் வண்டி இல்லையென்றால் கார் 80-இல் போகும். 60-இல் ஒரு லாரி போனால், கால் வைக்காமலேயே அதன் பின்னால் 60-க்கு இறங்கும். லாரி விலகினால் மறுபடி 80-ஐப் பிடிக்கும். வாகன ரேடார்கள் வேலை செய்யும் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த நம் நாட்டில் 2015-இல்தான் வழி பிறந்தது. 2021-இல் வந்த மகேந்திரா எக்ஸ்யூவி 700 இதை நடுத்தரக் குடும்பங்களின் பேச்சுக்குள் கொண்டுவந்தது. அந்த வண்டியை உருவாக்கிய ஆராய்ச்சி மையம் இருப்பது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகேந்திரா சிட்டியில். ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சமாச்சாரம் இல்லை, அம்மா. உங்கள் மகனைப் போன்ற நம் பிள்ளைகளின் உழைப்பும் இதில் இருக்கிறது.

இதன் மூத்த வடிவமான சாதாரண குரூஸ் கன்ட்ரோலை உருவாக்கியவர் கண் பார்வை இல்லாதவர் என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும் செய்தி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எஞ்சினியர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் விபத்தொன்றில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டும்போது வேகம் ஏறி இறங்கி வண்டி குலுங்குமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கலிலிருந்துதான் யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அந்தக் கருவி வந்தது. ஓட்டுநரின் கால் செய்கிற தவறை, ஓட்டவே முடியாத ஒருவர் உடம்பால் உணர்ந்து கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கருவிக்குக் கண் கொடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1995-இல் ஜப்பானின் மிட்சுபிஷி லேசரை வைத்தது. 1999-இல் மெர்சிடிஸ் ரேடாரை வைத்தது.

இனி உங்கள் மகன் வரும் வழிக்கு வருவோம். ஒரகடத்திலிருந்து வண்டலூர். அங்கிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை. பிறகு பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு நானும் ஓர் இளம் உதவி ஆசிரியரும் இதே வழியில் போய்ப் பார்த்தோம்.

வெளிவட்டச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆறு வழி, நடுவில் தடுப்பு, ஓரத்தில் சர்வீஸ் ரோடு. இந்த வசதிக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. காலை மடக்கி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மட்டும் பிடித்து, முன்னே பார்த்துக்கொண்டு வரலாம். வாரம் முழுக்க ஷிப்டில் நின்ற கால்களுக்கு இது பெரிய ஆறுதல். தவறாமல் இடைவெளி விடுவது இன்னொரு நன்மை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 22 மீட்டர் போகிறது. இரண்டு விநாடி இடைவெளி என்றால் 44 மீட்டர் விட வேண்டும். நம்மில் யார் அவ்வளவு விடுகிறோம்? 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். விபத்து வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து மோதுவதற்குத்தான். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆகவே இடைவெளி விடக் கற்றுக்கொடுக்கும் எதையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் அந்த 44 மீட்டரைப் பார்த்ததும் ஒரு வேன் வந்து நுழையும். கார் பிரேக் பிடித்துப் பின்தங்கும். மறுபடி இடைவெளி உண்டாகும், மறுபடி ஒருவர் நுழைவார், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். டோல்கேட்டுகளைச் சுற்றியுள்ள நெரிசலில் இதைப் பார்த்து அலுத்து, பலர் இடைவெளியைக் குறைந்த அளவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படி மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய பயனில் பாதி போய்விடும்.

பழவேற்காட்டு மக்களுக்கு இதைப் ‘பாடு’ முறையை வைத்துச் சொன்னால் புரியும். ஏரியில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று தலைக்கட்டு வாரியாக முறை வைத்திருக்கிறீர்கள். பாடு உரிமை கிடைக்காத ஊர்களுக்கு அதில் வருத்தம் உண்டு என்பதும் தெரியும். ஆனாலும் ஒருவர் முறையில் இன்னொருவர் நுழையாத வரைதான் வலை தன் வேலையைச் செய்கிறது. காரின் ரேடாரும் அப்படித்தான். சுற்றியிருப்பவர்கள் வரிசையை மதிக்கும் சாலையில் அது நன்றாக உழைக்கிறது.

எனக்கு உண்மையான கவலை நிற்கும் லாரிகளைப் பற்றியது. வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்பதை அந்த வழியில் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரவில் பின்விளக்கு எரியாது, பிரதிபலிக்கும் பட்டை அழுக்கேறியிருக்கும், சில நேரம் பாதி லாரி ஓடுபாதையிலேயே இருக்கும். நின்றிருக்கும் வண்டியை இந்த வசதி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கார்களின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். காரணம் எளிது. சாலையோரப் பலகை, பாலத்தின் இரும்பு, நடுத்தடுப்பு எல்லாமே ரேடாருக்கு நிற்கும் பொருள்கள்தான். அத்தனைக்கும் பிரேக் பிடித்தால் கார் நகரவே நகராது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளையே முதன்மையாகக் கவனிக்கும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். புதிய கார்களில் கேமராவின் துணையால் இது தேறி வருகிறது. முழுதாகத் தீரவில்லை.

இதிலும் மோசமான நிலை ஒன்று உண்டு. உங்கள் கார் முன்னால் போகும் காரைப் பிடித்துக்கொண்டு 60-இல் போகிறது. அந்தக் கார் கடைசி நொடியில் சட்டென்று விலகுகிறது. பாதை காலியாகிவிட்டதாக எண்ணி உங்கள் கார் 80-க்கு வேகமெடுக்கப் பார்க்கிறது. எதிரே நிற்பது விளக்கில்லாத லாரி. இந்த இடத்தில் காப்பாற்றக்கூடியது ஓட்டுபவரின் கண்ணும், பிரேக்கின் மேல் போகத் தயாராக இருக்கும் காலும்தான். உங்கள் மகனிடம் இந்த ஒரு பத்தியையாவது வாசித்துக் காட்டுங்கள், அம்மா.

மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை முடிகிறது. அங்கேயே அந்த பட்டனை அணைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் கனரக வண்டிகளோடு பொன்னேரிச் சாலையைப் பங்கு போட வேண்டும். பொன்னேரி தாண்டினால் இரு பக்கமும் வயல், குறுக்கே மாடு, மீன் பெட்டியைப் பின்னால் கட்டிய டிவிஎஸ், ஆளேற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ. ஞாயிறு என்றால் படகு பார்க்கவும் மீன் வாங்கவும் வருபவர்களின் கார்கள். ரேடார் உலோகத்தை நன்றாகப் பார்க்கும்; மனிதரையும் மாட்டையும் அவ்வளவு தெளிவாகப் பார்க்காது. எதிரே தப்பான பக்கத்தில் வரும் பைக்கை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏரியின் வடக்கே சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தண்ணீரைக் கிழித்துப் போகும் சாலை நேராக இருக்கிறது. அதைப் பார்த்தாலே பட்டனை அழுத்தத் தோன்றும். பனிக்காலத்தில் பூநாரை பார்க்க அதன் ஓரமெங்கும் குழந்தைகளோடு குடும்பங்கள் நிற்கும். அங்கேயும் வேண்டாம்.

இந்த வசதி இருந்தால் மனிதர்கள் கூடுதல் வேகத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இதைப் போட்டுக்கொண்டு ஓட்டுபவர்கள் வேக வரம்பை மீறும் வாய்ப்பு 24 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. கால் ஓய்வெடுக்கும்போது மனமும் ஓய்ந்துவிடுகிறது.

ஆகவே விலைக் கேள்விக்கு என் பதில்: வாரம் ஒருமுறை போய்வருபவருக்கு அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோலுக்காக மட்டும் இரண்டு லட்சம் கொடுப்பது தேவையில்லை. தினமும் நெடுஞ்சாலையில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத் தகும். ஆனால் அதே மாடலில் தானியங்கி அவசர பிரேக்கும் சேர்ந்து வருகிறதா என்று விசாரியுங்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது சொகுசுக்கானது, மென்மையாகவே பிரேக் பிடிக்கும். பின்னது மோதப் போகிறோம் என்றால் முழு பலத்தோடு பிடிக்கும். அதுவும் எல்லா நேரமும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுக்கத் தகுந்தது அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். அந்த விலையும் எட்டாது என்றால் ஆறு ஏர்பேக், நல்ல டயர், பாரத் என்கேப் சோதனையில் நல்ல மதிப்பெண். இந்த மூன்றிலும் சமரசம் வேண்டாம். ரேடார் இருக்கும் பம்பரில் லேசாக இடிபட்டாலும் ரேடாரை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அது செலவு பிடிக்கும் வேலை என்பதும் நினைவிருக்கட்டும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வர வேண்டாம். வெளிவட்டச் சாலையில் மீஞ்சூர் வரை ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். அங்கே லாரிகள் எப்படி நிற்கின்றன, கார் என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கவனிக்கட்டும்.

இந்தக் கடிதம் என்னை இன்னொரு இடத்துக்கும் இழுத்துப் போனது. உங்கள் ஊரின் இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போவது கார்களில் அல்ல, சின்ன வேன்களில். இரவு முழுக்க விழித்து, விடியலுக்குள் சந்தையைப் பிடிக்க ஓடும் அந்த ஓட்டுநருக்கு எந்த ரேடாரும் இல்லை. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் வண்டிகளுக்கும் பெரிய லாரிகளுக்கும் அவசர பிரேக்கையும், ஓட்டுநர் தூங்கிவிழுந்தால் எச்சரிக்கும் கருவியையும் கட்டாயமாக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-இல் வரைவு விதி வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் மூன்றரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகள் அந்த வரைவில் இல்லை. மீன் வேன்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். தூக்க எச்சரிக்கைக் கருவியாவது அவற்றுக்கும் வர வேண்டும், வெளிவட்டச் சாலையில் லாரிகளுக்குத் தனி நிறுத்துமிடம் வேண்டும் என்று அமைச்சகத்துக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும் நம் இதழ் சார்பில் எழுதுகிறோம். மீன் வேன் ஓட்டும் வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் இரவுச் சாலையில் தாங்கள் படும் பாட்டை எங்களுக்கு எழுதுங்கள். அவற்றையும் மனுவோடு சேர்த்தே அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்