திறவாத கதவும் குறுக்கிடும் அலையும்

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமலே கதவு திறப்பதும், பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் இயங்குவதுமான மோட்டார் வண்டிகள் இன்று சாதாரணமாகிவிட்டன. அத்தகைய வண்டி ஒரு நாள் பணிய மறுத்தால், சாவியிலுள்ள பாட்டரி தீர்ந்துவிட்டதென்றே உரிமையாளர் கருதுகிறார். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் புதிய பாட்டரி இட்ட பின்னரும் கதவு திறவாதாயின், பழுது சாவியில் இல்லாமல் சுற்றியுள்ள வெளியில் இருக்கக்கூடும்.

2019-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லண்டு நகரை அடுத்த நார்த் ஓம்ஸ்டெட் என்னும் ஊரில், ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த பலருடைய கார்ச் சாவிகளும் மோட்டார்க் கொட்டகைகளின் கதவுகளைத் திறக்கும் கருவிகளும் ஒருசேரச் செயலற்றுப் போயின. காரணம் புலப்படாமல் மக்கள் திகைத்தனர். இறுதியில், அவ்வூர்வாசி ஒருவர் நிலவறையில் வேலை செய்கையில் மேலே எவரேனும் வந்தால் தமக்குத் தெரிய வேண்டுமென்று தாமே அமைத்துக்கொண்ட சிறு சாதனம், 315 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓயாது அலை பரப்பி வந்தது வெளிப்பட்டது. தீய நோக்கம் ஏதுமில்லை. தம்மால் அயலார் அல்லலுறுவதையும் அவர் அறிந்திருக்கவில்லை. பாட்டரி அகற்றப்பட்டது, தொல்லையும் ஒழிந்தது.

வண்டி ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் சாவியை அழைக்கிறது. சாவி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸிலும் விடையளிக்கிறது. இவ்விடை மிக மெலிந்தது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் கீழ் நின்று தாழ்ந்த குரலில் பேசுவோனை எவர் கேட்பர்?

இவ்வகைச் சாதனங்களுக்கு உரிமம் தேவையில்லை. பிறருக்குத் தீங்கான இடையூறு செய்யலாகாது, பிறரால் வரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பனவே அமெரிக்க விதிகளின் நிபந்தனைகள். தொலைவிலிருந்து இயக்கும் இத்தகைய சாதனம், பொத்தானிலிருந்து கை எடுத்த 5 வினாடிக்குள் அலை பரப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்றும் அங்கே ஒரு விதி உண்டு. விதி நன்று, அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் முடங்கிக் கிடப்பதுதான் குறை. மலிவான அலைபரப்பும் பாகங்களைக் கொண்டு மாணவர் கருவிகள் அமைக்கும் இக்காலத்தில், அலையை எழுப்பும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதை எப்போது நிறுத்துவது என்பதையும் அதே பாடத்தில் கற்பித்தல் வேண்டும்.

வண்டி செய்வோரும் பொறுப்பினின்று தப்ப முடியாது. சாவிக்குள் உலோகச் சாவி ஒன்று பெரும்பாலும் மறைந்திருப்பதையும், பல வண்டிகளில் சாவியைப் பொத்தானுக்கோ குறிப்பிட்ட இடத்துக்கோ மிக நெருங்கப் பிடித்தால் பாட்டரியின் துணையின்றியே எஞ்சின் இயங்கும் என்பதையும், விற்கும் போதே செய்து காட்டுவது அவர்கள் கடமை. நள்ளிரவில் அயலூரில் குடும்பத்துடன் தெருவில் நிற்பவருக்குக் கையேட்டைத் தேட விளக்கும் இராது.

ஒரு வண்டி மட்டும் திறவாதாயின் சாவியைச் சோதிக்கலாம். ஒரே இடத்தில் பல வண்டிகள் திறவாமல், அச்சாவிகளே வேறிடத்தில் செவ்வனே வேலை செய்தால், அலைக் குறுக்கீட்டை ஐயுறுவதே முறை. களப்பணியாளர் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். இந்தியாவில் இதனை ஆராய்வதற்கென்றே தொலைத்தொடர்புத் துறையின் கீழ்க் கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது.